ஆராயப்பட்டவர்கள் பேசியபோது
மனிதப் பாலியலும் சமூகக் கோட்பாடும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



மனிதப் பாலியலைச் சமூகக் கோட்பாடு ஏறத்தாழ 150 ஆண்டுகளாக எப்படி அணுகி வந்திருக்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். நம் பாடத்திட்டங்களில் குடும்பம் இருக்கிறது. திருமணம், சாதி, மக்கள்தொகை எல்லாம் இருக்கின்றன. இவை அனைத்துக்கும் அடியில் ஓடும் பாலியல் மட்டும் தனிப் பொருளாக அரிதாகவே பேசப்படுகிறது. யார் யாரை மணக்கலாம், யாருடைய ஆசை நோய், யாருடைய ஆசை குற்றம், எந்த உடல் யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் தீர்ப்புச் சொல்வது சமூகம்தான். ஆகவே சமூகவியல் இதை மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் அறிவு நகர்ந்த முக்கியமான திருப்பங்களைப் பார்த்தால், அதுவரை ஆய்வுப் பொருளாக மட்டும் வைக்கப்பட்டிருந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே விளக்க முன்வந்திருப்பது தெரிகிறது. அவர்கள் வாய் திறந்தபோது கேள்வியே மாறியது. ‘இவர்களுக்கு என்ன கோளாறு?’ என்று கேட்டுக்கொண்டிருந்த கோட்பாடு, ‘இவர்களைக் கோளாறு உடையவர்கள் என்று சொல்லும் சமூகம் எப்படி இயங்குகிறது?’ என்று கேட்கக் கற்றுக்கொண்டது.

மருத்துவருக்கு வந்த கடிதங்கள்

1867இல் மியூனிக் நகரில் ஜெர்மானியச் சட்ட வல்லுநர்களின் மாநாடு ஒன்று நடந்தது. கார்ல் ஹைன்ரிச் உல்ரிக்ஸ் என்ற வழக்கறிஞர் அதில் எழுந்து, ஆண்கள் ஆண்களை நேசிப்பதைத் தண்டிக்கும் சட்டங்களை நீக்க வேண்டும் என்று பேசத் தொடங்கினார். அவையின் கூச்சலில் அவரால் பேச்சை முடிக்க முடியவில்லை. ஆயினும், தன் இயல்பை மறைக்காத ஒருவர் தனக்காகவும் தன்னைப் போன்றவர்களுக்காகவும் பொது அவையில் சட்டத்தோடு வாதாடியது அந்த நாளில்தான் பதிவானது.

அந்தக் காலத்தில் இப்பொருளைப் பேசும் உரிமை மருத்துவர்களிடம் இருந்தது. 1886இல் மனநல மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் கிராஃப்ட் எபிங் ‘சைக்கோபாத்தியா செக்ஸுவாலிஸ்’ என்ற நூலை வெளியிட்டார். மருத்துவர்களுக்காகவும் நீதிபதிகளுக்காகவும் எழுதப்பட்ட நூல் அது. பொதுமக்கள் படித்துவிடக் கூடாது என்பதற்காக, வெளிப்படையான பகுதிகளை அவர் லத்தீனில் எழுதினார். மகப்பேற்றை நோக்காத எந்தப் பாலுணர்வும் இயல்பிலிருந்து பிறழ்ந்தது, பரம்பரைச் சீர்கேட்டின் அறிகுறி என்பதே அவருடைய அடிப்படை.

ஆனால் பொதுமக்கள் அந்த நூலைத் தேடிப் படித்தார்கள். படித்தவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். சிறுவயதில் என்ன உணர்ந்தோம், யாரை நேசித்தோம், எதற்கு அஞ்சி வாழ்கிறோம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். தாங்கள் நோயாளிகள் என்பதை ஏற்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்களை வருத்துவது எங்கள் இயல்பன்று, சட்டமும் அவமானமும்தான் என்று அவர்கள் வாதிட்டார்கள். கிராஃப்ட் எபிங் இந்த வரலாறுகளை அடுத்தடுத்த பதிப்புகளில் சேர்த்துக்கொண்டே போனார். பதிப்புக்குப் பதிப்பு நூல் பருத்தது. அவருடைய கருத்தும் இளகியது. ஆண்களின் தன்பால் உறவைத் தண்டித்த ஜெர்மானியச் சட்டத்தின் 175ஆம் பிரிவை எதிர்த்து மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897இல் தொடங்கிய மனுவில் அவர் கையெழுத்திட்டார். இறப்பதற்கு ஓராண்டு முன், 1901இல், தன்பால் ஈர்ப்பைச் சீர்கேட்டு நோயாக மட்டும் பார்த்தது ஒருதலையானது என்று எழுதினார். நோயாளர் வரலாறுகளாகத் தொகுக்கப்பட்ட கடிதங்களே தொகுத்தவரைத் திருத்தின.

ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் பெர்லினில் பாலியல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தையே தொடங்கினார். அங்கு நூலகமும் ஆவணக் காப்பகமும் மருத்துவ ஆலோசனையும் ஒரே கூரையின் கீழ் இயங்கின. 1933 மே 6ஆம் நாள் நாஜி மாணவர் கூட்டம் அதைச் சூறையாடியது. நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் பெர்லின் வீதியில் எரிக்கப்பட்டன. வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் தாய்நாடு திரும்பவே இல்லை. 1935இல் பிரான்சில் இறந்தார். இந்தத் துறையின் வரலாற்றில் எரிக்கப்பட்ட ஆவணங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

டோராவின் மறுப்பு

சிக்மண்ட் ஃப்ராய்டின் ‘பாலியல் கோட்பாடு குறித்த மூன்று கட்டுரைகள்’ 1905இல் வந்தது. மனித ஆசைக்குப் பிறவியிலேயே நிலையான இலக்கு கிடையாது என்று அவர் காட்டினார். ஆண் பெண்ணையும் பெண் ஆணையும் விரும்புவதுகூடத் தானாக விளங்கிவிடும் ஒன்றன்று, அதற்கும் விளக்கம் தேவை என்று பின்னர் அதில் ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார். சமூகக் கோட்பாட்டுக்கு இது பெரிய கொடை.

அதே ஆண்டில் அவர் வெளியிட்ட மற்றொரு வரலாறு இந்தக் கொடையின் எல்லையையும் காட்டுகிறது. டோரா என்று அவர் பெயரிட்ட 18 வயதுப் பெண்ணைத் தந்தையே சிகிச்சைக்கு அழைத்து வந்தார். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் அத்துமீறினார் என்று அவள் சொல்லியிருந்தாள்; தந்தை அதைக் கற்பனை என்று ஒதுக்கினார். அவருக்கும் அந்த நண்பரின் மனைவிக்கும் உறவு இருந்தது. அதை அந்த நண்பர் பொறுத்துக்கொள்வதற்கு விலையாகவே தன்னைப் பகடைக்காயாக்குகிறார்கள் என்பது அவளுடைய குற்றச்சாட்டு. ஃப்ராய்ட் நிகழ்ச்சியை நம்பினார். அவளுடைய அருவருப்பை மட்டும் நம்பவில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் ஆசையின் மறுவடிவமாகவே அதைப் படித்தார். 11 வாரம் கழித்து, 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில், அவள் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். பின்னாளில் பெண்ணியச் சிந்தனையாளர்கள் அந்த வெளியேற்றத்தையே ஒரு வாதமாகப் படித்தார்கள். ‘வேண்டாம்’ என்று சொன்னவளிடம் அவள் மனத்தை அவளைவிடத் தனக்கே நன்றாகத் தெரியும் என்று சொல்லும் எந்தக் கோட்பாடும் ஐயத்துக்குரியது. இது இன்றைக்கும் பொருந்தும்.

நியூயார்க்கில் ஒரு மாணவர், 1916

அந்தத் தலைமுறையின் சமூகவியல் முன்னோடிகள் பாலியலை விளிம்பில்தான் தொட்டார்கள். எங்கெல்ஸ் 1884இல் ஒருதார மணத்தைத் தனிச்சொத்தோடும் வாரிசுரிமையோடும் இணைத்துக் காட்டியது விலக்கு. வழக்கமான பாடநூல்கள் இங்கிருந்து நேரே அமெரிக்கக் கணக்கெடுப்புகளுக்குத் தாவிவிடும். நான் அப்படிச் செய்யப் போவதில்லை.

1916 மே 9ஆம் நாள், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானுடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையைப் படித்தார். அவர் பீமராவ் அம்பேத்கர். தொழிலோ தீட்டோ சாதியின் உயிர்நாடி ஆகாது, அகமணமே அதன் உயிர்நாடி என்பது அவருடைய முடிவு. ஒரு குழு தனக்குள்ளேயே மணந்துகொள்ள வேண்டுமானால் மணவயதில் உள்ள ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறக்கும்போது அந்தச் சமநிலை குலைகிறது. ஒருவர் ‘உபரி’ ஆகிவிடுகிறார். உபரியான பெண் குழுவுக்கு வெளியே மணந்தால் வேலி உடையும். உள்ளே மணந்தால் கன்னிப்பெண் ஒருத்திக்குரிய மணமகன் குறைவான். ஆகவே அவளை உடன்கட்டையில் எரிப்பது அல்லது கட்டாயக் கைம்மையில் வைப்பது என்ற இரு வழிகள் வந்தன. மனைவியை இழந்த ஆண் மதிப்புமிக்கவன். அவனை எரிக்க முடியாது. அவனுக்காக மணவயதை எட்டாத சிறுமிகளிலிருந்து பெண் கொண்டுவரப்பட்டாள். அன்று நல்லொழுக்கம் என்றும் தெய்வீகம் என்றும் போற்றப்பட்ட மூன்று வழக்கங்களை, ஒரு வேலியைக் காக்கும் ஏற்பாடுகளாக அவர் விளக்கிக் காட்டினார்.

இது சாதிக் கோட்பாடு என்றுதான் கற்பிக்கப்படுகிறது. இதைப் பாலியல் கோட்பாடாகவும் படிக்க வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். பெண்ணின் ஆசையைக் கட்டுப்படுத்துவது சமூக அடுக்கை நிலைநிறுத்தும் கருவி என்று இவ்வளவு தெளிவாக அன்று எழுதியவர்கள் மிகச் சிலர். உறவுமுறையில் பெண்கள் கைமாற்றப்படுவதைப் பற்றி மானுடவியலாளர் கேல் ரூபின் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரை 1975இல்தான் வந்தது. சாதியின் அடிநிலையில் நிறுத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் சாதியை விளக்க முற்பட்டபோது, மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. கற்பு ஒருபாலுக்கு மட்டும் விதிக்கப்படுவதைப் பெரியார் கேள்வி கேட்டதும், இன்று சாதி மறுப்புத் திருமணம் செய்த இளையோர் நம் மாநிலத்திலேயே கொல்லப்படுவதும் இந்தக் கோட்பாட்டின் வெளிச்சத்தில்தான் முழுமையாக விளங்கும்.

கணக்கெடுப்பும் முகமூடியும்

விலங்கியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் கின்சி, இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1938இல் திருமணம் பற்றிய பாடம் ஒன்றைத் தொடங்கினார். மாணவர்கள் கேட்ட எளிய கேள்விகளுக்கே நம்பத்தகுந்த தரவு இல்லை என்பதை உணர்ந்து, நேர்காணல்களைத் தொடங்கினார். ஒரு செயலைச் செய்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. முதலில் எப்போது செய்தீர்கள் என்று கேட்டார். ஆம் என்று சொல்லும் வெட்கத்தை அந்தக் கேள்வி குறைத்தது. விடைகளை அவருடைய குழு குறியீடுகளாகவே எழுதியது. 1948இல் சுமார் 5,300 ஆண்களையும் 1953இல் 5,940 பெண்களையும் பற்றிய அறிக்கைகள் வந்தன. மனிதரை இரண்டு கூடைகளில் பிரித்துப் போட முடியாது என்பதை 0 முதல் 6 வரையான அவருடைய அளவுகோல் பொதுப்புத்திக்குள் கொண்டுவந்தது.

அவர் சேர்த்த மாதிரி நாட்டு மக்கள்தொகையைப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்று புள்ளியியலாளர்கள் சரியாகவே சுட்டினார்கள். அச்சான எண்ணிக்கைகளில் கறுப்பின மக்கள் சேர்க்கப்படவில்லை. கோட்பாடு யாருடைய பேச்சைக் கேட்கிறது என்பதோடு, யாருடைய பேச்சு இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் கவனிப்பது ஆய்வாளரின் பொறுப்பு.

உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய பழைய மாணவர் ஒருவர் தன்பால் ஈர்ப்பாளர். எங்களைப் போன்றவர்களை நீங்கள் ஆராய வேண்டும் என்று அவர் ஹூக்கரை வற்புறுத்தினார். அதுவரையான ஆய்வுகள் சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் இருந்தவர்களை வைத்தே தன்பால் ஈர்ப்பாளர்களைப் பற்றி முடிவு கட்டியிருந்தன. ஹூக்கர் இயல்பான வாழ்க்கை நடத்தும் 30 தன்பால் ஈர்ப்பு ஆண்களையும், வயதிலும் கல்வியிலும் அவர்களுக்கு இணையான 30 எதிர்பால் ஈர்ப்பு ஆண்களையும் சோதித்தார். மைத்தடச் சோதனை உள்ளிட்ட முடிவுகளைப் பெயரோ அடையாளமோ இல்லாமல் துறையின் தலைசிறந்த வல்லுநர்களிடம் கொடுத்தார். யார் எந்தக் குழு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957இல் அச்சான அந்த முடிவு, நோய் என்ற கருத்தின் அடித்தளத்தையே அசைத்தது.

1972இல் டாலஸ் நகரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மாநாடு நடந்தபோது, மேடையில் ஒருவர் ரப்பர் முகமூடி, பொய்முடி, உடலுக்குப் பொருந்தாத பெரிய கோட்டு ஆகியவற்றோடு அமர்ந்திருந்தார். குரலை மாற்றும் ஒலிவாங்கி அவர் முன் இருந்தது. நான் தன்பால் ஈர்ப்பாளன், நான் மனநல மருத்துவனும்கூட என்று அவர் அறிவித்தார். ஜான் ஃப்ரையர் என்ற தன் பெயரை அவர் பல ஆண்டுகள் கழித்தே வெளியிட்டார். வேலை போய்விடும் என்ற அச்சம் அவ்வளவு உண்மையானது. சங்கத்தின் நிர்வாகக் குழு 1973 டிசம்பரில் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஹூக்கரின் தரவும், போராட்டக்காரர்களின் அழுத்தமும், முகமூடி அணிந்த அந்த மருத்துவரின் சொல்லும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின. நோயாளி என்று சொல்லப்பட்டவர் மருத்துவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை அந்த அவை நேரில் கண்டது.

பிரதியும் அதிகாரமும்

சமூகவியல் தன் சொந்தக் கேள்வியோடு களத்தில் இறங்கியதும் அந்தக் காலத்தில்தான். பிரிட்டிஷ் சமூகவியலாளரும் பின்னாளில் லண்டன் தன்பால் ஈர்ப்பாளர் விடுதலை இயக்கத்தில் முன்னின்றவருமான மேரி மக்கின்டாஷ், 1968இல் எழுதிய கட்டுரையில், தன்பால் ஈர்ப்பு ஒரு நோய்நிலை என்ற கருத்தை விட்டுவிட்டு, அதை ஒரு சமூகப் பாத்திரமாக ஆராய்ந்தார். அத்தகைய தனிப் பாத்திரம் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவானது என்று காட்டினார். செயல்கள் எக்காலத்திலும் உண்டு. ‘இன்ன வகை மனிதர்’ என்ற முத்திரைக்கு ஒரு பிறந்த நாள் உண்டு.

கின்சியின் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கேக்னனும் வில்லியம் சைமனும் 1973இல் பாலியல் நடத்தையை நாடகத்துக்குரிய ‘பிரதி’ என்ற கருத்தால் விளக்கினார்கள். தெருக்கூத்தில் கதை ஊருக்கே தெரியும். வேடம் கட்டுபவர் எதிரே நிற்பவரின் பேச்சுக்கேற்பத் தன் பேச்சை வளைத்துக்கொள்வார். தனக்குள் அந்தப் பாத்திரத்தை எப்படி உணர்கிறார் என்பது இன்னொன்று. அதுபோலவே பண்பாடு தரும் கதை, இருவருக்கிடையே நிகழும் உடன்பாடு, ஒருவர் மனத்துக்குள் ஓடும் கற்பனை என மூன்று தளங்களில் ஆசை எழுதப்படுகிறது என்று பின்னர் விரித்துச் சொன்னார்கள். இயற்கை உந்துதல் ஒன்று உள்ளே கொதிக்கிறது, சமூகம் மூடிவைக்கிறது என்ற பழைய படம் இதனால் உடைந்தது. எது பாலியல் அனுபவம் என்பதையே சமூகம்தான் கற்றுத்தருகிறது என்ற இடத்துக்கு நாம் வந்து சேர்ந்தோம்.

1976இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ ‘பாலியலின் வரலாறு’ முதல் தொகுதியில் இதைவிட அசௌகரியமான உண்மையை முன்வைத்தார். விக்டோரியா காலம் பாலியலைப் பேசவிடாமல் அடக்கியது என்பது பாதி உண்மைதான். அந்தக் காலம் பாலியலைப் பற்றி ஓயாமல் பேசவும் வைத்தது. பாவமன்னிப்புக் கூண்டில் தொடங்கிய பழக்கம் மருத்துவரின் அறைக்கும் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் இடம்பெயர்ந்தது. உண்மையைச் சொல், சொன்னால் நீ யார் என்று நாங்கள் சொல்கிறோம் என்பதே அதன் முறை.

என் வாதத்துக்கு எழும் கடுமையான மறுப்பு இதுதான். பேசுவதே விடுதலை என்றால், கிராஃப்ட் எபிங்குக்கு எழுதியவர்கள் தங்களைத் தாங்களே அவருடைய அட்டவணைக்குள் அடைத்துக்கொண்டார்களே என்று கேட்கலாம். ஆம், அப்படியும் நடந்தது. ஆகவே பேச்சு எந்த அதிகார உறவில் நிகழ்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் கேட்டு நோயாளி சொல்வது ஒன்று. சொல்பவரே கேள்வியையும் அமைப்பது முற்றிலும் வேறு. 1867இல் உல்ரிக்ஸ் செய்ததும், 1916இல் அம்பேத்கர் செய்ததும் இரண்டாவது வகை.

நம் சட்டமும் நம் குரல்களும்

ஃபூக்கோவின் வரைபடத்தில் காலனிகள் இல்லை என்று மானுடவியலாளர் ஆன் லாரா ஸ்டோலர் 1995இல் சுட்டினார். அந்த இடைவெளியில்தான் நம் வரலாறு இருக்கிறது. மெக்காலே தலைமையில் வரையப்பட்டு 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ‘இயற்கை முறைக்கு எதிரான’ உறவைக் குற்றமாக்கியது. அதன் வார்ப்பில் பர்மா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளுக்கும் சட்டங்கள் போயின. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தில், திருநர் சமூகத்தவரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கவும், பெண்ணுடையில் பொதுவிடத்தில் தோன்றினாலோ ஆடினாலோ தண்டிக்கவும் தனிப் பகுதியே இருந்தது.

டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் 377ஆம் பிரிவின் கரத்தைக் கட்டியது. உச்ச நீதிமன்றம் 2013இல் அதை அவிழ்த்துவிட்டது. 2014இல் திருநரின் பாலின அடையாள உரிமையும், 2018 செப்டம்பர் 6ஆம் நாள் வயதுவந்தோரின் இசைவான உறவும் சட்டத்தின் காப்பைப் பெற்றன.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். இப்பொருளில் தன் புரிதல் போதாது என்று உத்தரவிலேயே பதிவு செய்து, உளவியலாளர் ஒருவரிடம் தனக்கே ஓர் அமர்வு ஏற்பாடு செய்துகொண்டார். திருநர் சமூகத்தினரையும் சந்தித்தார். அதன் பிறகே அந்த ஆண்டு ஜூனில் விரிவான வழிகாட்டுதல்களை வழங்கினார். பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்கு அவற்றில் தடை இருந்தது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவர், முதலில் கற்கும் இடத்தில் அமர்ந்தார்.

அதற்கு முன்பே எழுத்தாளர் ரேவதி ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலில் தன் சமூகத்தைச் சேர்ந்தவர்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாய்மொழியிலேயே தொகுத்தார். திருநங்கை ஒருவர் கேட்க, திருநங்கையர் சொன்ன நூல் அது. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே மருத்துவரின் மேசை இல்லை, காவலரின் பதிவேடும் இல்லை. நம் சமூகவியல் துறைகள் அதை ஒரு கோட்பாட்டு நூலுக்குரிய கவனத்தோடு வகுப்பறையில் படிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு

ஆய்வில் இறங்கும் மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, உங்கள் வினாப்பட்டியலை இறுதி செய்வதற்கு முன், யாரைப் பற்றி ஆராய்கிறீர்களோ அவர்களிடமே அதைக் காட்டுங்கள். எந்தக் கேள்வி தவறு என்று அவர்கள் சொன்னால், அந்தக் கேள்வியைத் திருத்துவதே உங்கள் முதல் கண்டுபிடிப்பு. இரண்டாவது, விலகிய ஆசையை மட்டும் ஆராயாதீர்கள். இயல்பு என்று கருதப்படும் குடும்பத்தையும், பெண் பார்க்கும் சடங்கையும், சாதிக்குள் வரன் தேடும் திருமணத் தகவல் மையத்தையும் அதே கூர்மையோடு ஆராயுங்கள். விளக்கம் தேவைப்படுவது விளிம்புக்கு மட்டுமன்று, மையத்துக்கும் தேவை. மூன்றாவது, உங்களிடம் மனம் திறந்தவரின் பெயரையும் பாதுகாப்பையும் உங்கள் பட்டத்தைவிட மேலாக வைத்துக் காப்பாற்றுங்கள். நம் ஊர்களில் ஓர் அடையாளம் வெளிப்பட்டால் வீடு போகலாம், வேலை போகலாம், உயிரும் போகலாம்.

இந்த 150 ஆண்டு வரலாறு எனக்குத் தரும் நம்பிக்கை இதுவே: இந்தத் துறையில் கோட்பாடு தன் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது, அது கேட்கச் சம்மதித்த போதெல்லாம். கேட்பதற்கான கல்வியும் நேர்மையும் வருங்கால ஆய்வாளர்களாகிய உங்களிடம் வளர வேண்டும். அதற்கு இடம் தரும் துறையாக இந்தத் துறை விளங்க வேண்டும்.